டிரம்ஸ் சத்தத்துக்குள் ஒரு ஜெபம்

கேள்வி: கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கும் என் மகன், 'ரிலையன்ட் கே' என்ற குழுவின் பாட்டை எந்நேரமும் கேட்கிறான். ஒரே தடதட சத்தம். கிறிஸ்தவப் பாட்டு என்கிறான். நம்பலாமா? – வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாக நம்பலாம், அம்மா. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் குழு அது. 2004-இல் வந்த 'ம்ம்ஹ்ம்' ஆல்பம் அங்கே 5 லட்சம் பிரதிகளைத் தாண்டி 'கோல்டு' தகுதி பெற்றது. புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் அதைக் கேட்பது எனக்கு வழக்கம். தவளக்குப்பம் தாண்டுவதற்குள் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

மெட்டு அப்படி ஒட்டிக்கொள்கிறது. அதில் 'பீ மை எஸ்கேப்' பாட்டை மட்டும் மகனோடு உட்கார்ந்து கேளுங்கள். கிடாரும் டிரம்ஸும் முட்டி மோதிக்கொண்டு ஓடும். முடிவில் எல்லாம் அடங்கி, பியானோவும் குரலும் மட்டும் மிஞ்சும். இயேசுவின் பெயர் எங்கும் வராது. ஆனால், 'என்னை என்னிடமிருந்தே விடுவி' என்று கெஞ்சுகிற மனசு அதில் இருக்கிறது. எனக்கு அது பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் தாவீது ராஜா கடவுளிடம் முறையிடுவதைப் போலவே படுகிறது.

அப்புறம், உள்ளங்கை ஓரத்தைத் தந்தியில் லேசாக வைத்து 'டுக் டுக்' என்று மீட்டுகிறானா? இந்த இசைக்கு அதுதான் அடிப்படை. வலது கைக்கு நல்ல பயிற்சி, தடுக்காதீர்கள்.