அந்தப் பேனரை விடுங்கள்

கேள்வி: மாலை நேர இலவச வகுப்பு நடத்தும் ஒரு தன்னார்வக் குழுவுக்கு மூன்று ஆண்டுகளாக ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். குழுவில் 40 பேர். ஆனால் யாரும் பொறுப்பெடுக்க முன்வருவதில்லை. அலுவலகம் முடிந்து வந்தால் தினமும் மூன்று மணி நேரம் இதற்கே போகிறது. வீட்டில் பேச்சு வாங்குகிறேன். போன வாரம் ஆண்டு விழா பேனரைச் சரிசெய்துவிட்டுப் படுக்கும்போது இரவு 1 மணி. நேரத்தைத் திட்டமிட நல்ல ஆப் ஒன்று சொல்லுங்களேன்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: ஆப் எதையும் சொல்லப்போவதில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பதே அந்தக் கைபேசிதான். அதில் இன்னொன்றை ஏற்றி என்ன ஆகப்போகிறது?

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் முழுசாக ஒரு பக்கம் பேனருக்கே போய்விட்டது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பேனரை வடிவமைத்து அனுப்புகிறார். எழுத்து கொஞ்சம் சிறியது, பின்னணி நீலம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீங்களே கோப்பைத் திறந்து, எழுத்துருவை மாற்றி, நீலத்தைப் பச்சையாக்கி, நள்ளிரவு தாண்டி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுப் படுக்கிறீர்கள். காலையில் அதைப் பார்த்துவிட்டு அவர் போட்டது ஒரு கட்டைவிரல் மட்டும். ‘நல்லவேளை, கோபப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கட்டைவிரல் அப்படிப் படவில்லை. அடுத்த ஆண்டு பேனர் யார் செய்வது என்று நீங்கள் கேட்கும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றிரவு மூன்று மணி நேரம் போனது என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். இனி வரப்போகிற பேனர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் மேலாளர் இப்படிச் செய்தால் சம்பளத்துக்காகப் பொறுத்துக்கொள்வார்கள். தன்னார்வலருக்குச் சம்பளமே, தன் கை பட்ட வேலை கண்ணெதிரே நிற்பதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவர் சண்டை போட மாட்டார். இந்த வாரம் உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் விருந்தாளி என்று சொல்லி, மெல்ல வராமல் நின்றுவிடுவார். நீங்களும் ‘யாருக்கும் அக்கறை இல்லை’ என்று எங்களுக்கு எழுதுவீர்கள்.

சரி, நீங்கள் உதவி கேட்ட விதத்தையும் பார்த்துவிடுவோம். ‘ஞாயிற்றுக்கிழமை பதிவு மேசைக்கு உதவ யாராவது வர முடியுமா?’ என்று குழுவில் போட்டிருக்கிறீர்கள். 40 பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் வரவில்லை. பல பேர் கூடினால் பாம்பு சாகாது என்பது இதைத்தான். 1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து இன்டர்காம் வழியாகப் பேசவிட்டார்கள். திடீரென்று ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். கேட்பது தான் ஒருவர்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்துபோய் ஆளைக் கூப்பிட்டார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். உயிர் போகிற குரலுக்கே இந்த கதி என்றால் உங்கள் பதிவு மேசை எம்மாத்திரம்?

ஆகவே, ‘யாராவது’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஒருவரைத் தனியாக, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘ஞாயிறு 3 மணிமுதல் 5 மணிவரை பதிவு மேசையில் உட்கார முடியுமா? 5 மணிக்கு வேறு ஆள் வந்துவிடுவார்’ என்று கேளுங்கள். அந்த 5 மணி முக்கியம். பொதுவேலையில் கால் வைத்தால் எடுக்க முடியாது என்ற பயத்தில்தான் பாதிப் பேர் ஒதுங்கி நிற்கிறார்கள். அந்தப் பயத்துக்கு நடமாடும் சாட்சியாக நீங்களே இருக்கிறீர்கள்!

அப்புறம், உங்கள் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல்: ‘பார்த்துச் சொல்றேன்.’ கடிதத்திலேயே மூன்று இடத்தில் வருகிறது. புத்தகம் போதவில்லை என்று ஒருவர் வருகிறார், பார்த்துச் சொல்றேன். அறைச் சாவி தொலைந்துவிட்டது, பார்த்துச் சொல்றேன். வில்லியம் ஆன்கனும் டொனால்ட் வாஸும் 1974இல் எழுதிய ஒரு நிர்வாகக் கட்டுரையில் இதைக் குரங்கு என்றார்கள். வருகிறவர் தோளில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னதும் அது உங்கள் தோளுக்குத் தாவிவிடுகிறது. அவர் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். ‘நீங்கள் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதிலோடுதான் வந்திருப்பார்.

வாராந்திரக் கூட்டம் இரண்டு மணி நேரம், 20 பேர் வருகிறார்கள் என்கிறீர்கள். அது 40 மணி நேரம். ஒருவர் ஒரு வாரம் முழுக்க அலுவலகத்தில் உழைப்பதற்குச் சமம். தாமதமாக வருகிறவருக்காக 20 பேரை 15 நிமிடம் காக்க வைத்தால் அதிலேயே ஐந்து மணி நேரம் காலி. இந்த விஷயத்தில் தடுமாறிய முதல் ஆள் நீங்கள் இல்லை. 1863இல் ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளரை நியூ பெட்ஃபோர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் கைமீறிப் போய்விட்டது. மனுஷன் அதை மறக்கவில்லை. 1876இல் கூட்டம் நடத்தும் முறைக்கென்றே ஒரு விதிநூல் வெளியிட்டார். ஒரே விஷயத்தைப் பற்றி ஒருவர் இரண்டு தடவைக்கு மேலும், ஒரு தடவையில் பத்து நிமிடத்துக்கு மேலும் பேசக்கூடாது என்பது அதில் ஒரு விதி. உங்கள் கூட்டத்துக்குப் பத்து நிமிடமே அதிகம், மூன்று போதும். தகவல் சொல்வதற்கு மட்டும் என்றால் கூட்டமே வேண்டாம், எழுதி அனுப்பிவிடலாம்.

எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடச் சொல்லவில்லை. பணக் கணக்கும் குழந்தைகளின் பாதுகாப்பும் உங்கள் கண்ணில் இருக்கட்டும். கணக்கை இரண்டு பேராவது பார்க்கட்டும். பேனரின் நிறம் இந்தப் பட்டியலில் வராது. இன்னொன்று: மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. உங்களுக்கு அடுத்து யார் என்று நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. யாரையாவது இப்போதிருந்தே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்கு இன்னும் பத்து நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிகழ்ச்சி நிரலை யாரோ தயார்செய்து உங்களுக்கு அனுப்புவார்கள். பெயர்களில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அவரையே திருத்தச் சொல்லிவிட்டு, பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள்.