மெயில் சர்வர் அடையாளம்: கேள்வி பதில்

கே: எங்கள் மெயில் டிஎல்எஸ்ஸில்தான் (வழியில் யாரும் படிக்காதபடி என்கிரிப்ட் செய்யும் முறை) போகிறது, லாகில் பார்த்தேன். எதிர்முனை யாரென்று உறுதியாகிவிட்டதுதானே?

ப: இல்லை. பேச்சு என்கிரிப்ட் ஆனது, அவ்வளவுதான். யாரோடு பேசினீர்கள் என்பது தனிக் கதை. சர்வர்கள் தங்களுக்குள் மெயில் கைமாற்றும் 25-ஆம் போர்ட்டில் ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கிய பேச்சை டிஎல்எஸ்ஸுக்கு மாற்றும் கட்டளை) பெரும்பாலும் 'கிடைத்தால் சரி' என்ற கணக்கில்தான் ஓடுகிறது. மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் டிஎல்எஸ் அளவை 'மே' (may) என்று வைத்திருந்தால், எதிர்முனை காலாவதியான சான்றிதழை (இந்தப் பெயருக்கு இந்தச் சாவி என்ற அத்தாட்சி) காட்டினாலும் மெயில் போய்விடும். நடுவில் உட்கார்ந்திருப்பவன் ஸ்டார்ட்டிஎல்எஸ் அறிவிப்பையே அழித்துவிட்டால் என்கிரிப்ஷனும் கிடையாது.

சரி, கறாராகச் சரிபார்க்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். எந்தப் பெயரை? ஒரு டொமைனின் மெயிலை வாங்கும் சர்வரின் பெயரை, அதாவது எம்எக்ஸ் பெயரை, சொல்வது டிஎன்எஸ் (இணையத்தின் பெயர்ப் பதிவேடு). அந்தப் பதிலை ஒருவன் மாற்றிவிட்டால், தன் சர்வர் பெயருக்கு முறையாக வாங்கிய சான்றிதழையே காட்டுவான், சோதனையும் தேறும்!

இதற்குத்தான் டேன் (இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 7672, 2015): டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலை யாரும் மாற்றவில்லை என்று காட்டும்) கையெழுத்துள்ள டிஎல்எஸ்ஏ என்ற டிஎன்எஸ் பதிவில், ஒப்பிட்டுப் பார்க்க, சர்வர் சாவியின் ஹாஷ் (கைரேகை போன்ற சுருக்கம்) இருக்கும். இன்னொன்று எம்டிஏ-எஸ்டிஎஸ் (ஆர்எஃப்சி 8461, 2018): எம்எக்ஸ் பட்டியலை ஹெச்டிடிபிஎஸ்ஸில் வெளியிடுவீர்கள், அனுப்பும் சர்வர் அதைச் சேமித்து வைக்கும். முதல் தடவையே அதை எடுக்கவிடாமல் தடுத்தால் காப்பு இல்லை. டிஎன்எஸ்செக் இருந்தால் நான் டேன் பக்கம்.

கே: டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் பதிவு போட்டாச்சு, போதாதா?

ப: அது அனுப்பும் ஐபிக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது. வாங்கும் சர்வரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கே: டேன் போட்டபின் சிலரிடமிருந்து மட்டும் மெயில் வரவில்லை.

ப: சான்றிதழைப் புதுப்பித்தபோது சாவி மாறியிருக்கும், டிஎல்எஸ்ஏ பழையதாகவே இருக்கும். ஹாஷ் பொருந்தாததால் டேன் பார்க்கிற சர்வர்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டன. புதிய சாவியின் பதிவை முதலில் சேருங்கள், டிடிஎல் (பழைய பதிலை மற்றவர்கள் சேமித்து வைத்திருக்கும் நேரம்) கழியட்டும், பிறகு சாவியை மாற்றுங்கள்.

கே: ஹெலோ பெயர் (இணையும்போது அனுப்பும் சர்வர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) ஐபியோடு பொருந்தாவிட்டால் மறுக்கலாமா?

ப: அந்த ஒரு காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்கிறது ஆர்எஃப்சி 5321.

கே: நான் மறுக்கிறேன், ஸ்பாம் குறைந்திருக்கிறதே.

ப: மறுத்ததெல்லாம் ஸ்பாம்தான் என்று யார் சொன்னது? உள்ளே வராத மெயிலைத் திறந்து பார்க்க முடியாது. அதற்குப் பதில் பிடிஆர் (ஐபிக்கு என்ன பெயர் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) இல்லாத ஐபியை மறுங்கள், ஜிமெயிலே அதைக் கேட்கிறது.

கே (வேறொருவர்): பிடிஆரில் ஐபிக்காரர் எதையும் எழுதலாமே?

ப: எழுதலாம். அதனால்தான் அந்தப் பெயரைத் திருப்பித் தேடி அதே ஐபி வருகிறதா என்று பார்க்கிறோம். போலி பெயர் அங்கே மாட்டும். ஆனாலும் அது டிஎன்எஸ்ஸை நம்பித்தான் நிற்கிறது, சான்றிதழுக்கு ஈடாகாது.

கே: டிஎல்எஸ் இருக்கும்போது டேன் எதற்கு?

ப: முதல் பதில்.

கே: நாளை சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கும். டிஎல்எஸ்ஏவை அப்புறம் பார்க்கலாமா?

ப: மேலே என்ன எழுதினேன்? பழைய சாவியையே வைத்துப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே.