மார்ச்சில் டெஸ்டின் கடற்கரை வீடு: பூல் சூடாக்கத் தனியாகக் காசு கொடுக்கலாமா?

மார்ச் நடுவில், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு வாரம் ஃபுளோரிடாவின் டெஸ்டினில் தங்கப் போகிறீர்கள். வீட்டுக்காரர் பூலைச் சூடாக்க நாள் கணக்கில் தனிக் கட்டணம் கேட்கிறார். என் பதில்: கொடுங்கள், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு.

மெக்சிகோ வளைகுடாவில் அந்த மாதம் கடல் நீரே 17, 18 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். சூடாக்காத பூலும் ஏறக்குறைய அப்படித்தான். பிள்ளைகள் விளையாட 28 டிகிரியாவது வேண்டும். பூல் இல்லையென்றால் கடலில் இறங்கலாம் என்ற வழியும் அப்போது கிடையாது.

முதலில் கேட்க வேண்டியது, ஹீட் பம்ப்பா, கேஸ் ஹீட்டரா என்பது. ஹீட் பம்ப் காற்றிலிருந்து சூட்டை எடுக்கிறது. காற்று 10 டிகிரிக்குக் கீழே போனால் திணறும். ஒரு கன மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 1.16 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் தேவை. 50 கன மீட்டர் பூலைப் பத்து டிகிரி ஏற்றக் கிட்டத்தட்ட 580 யூனிட். அதனால் ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும். நீங்கள் போவதற்கு முன்பே போட்டுவைக்கச் சொல்லுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் பணம்தான் வீண்.

அப்புறம், இரவில் மூட கவர் உண்டா என்று அவசியம் கேளுங்கள். பூல் சூட்டை இழப்பது பெரும்பாலும் நீர் ஆவியாவதால்தான். கடற்காற்று அதை இன்னும் கூட்டும். எத்தனை டிகிரி வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் இந்தச் செலவே வேண்டாம்.