பிஆர்பி, சால்மன் டிஎன்ஏ, எக்ஸோசோம், ஸ்கல்ப்ட்ரா: முகத்துக்கு எந்த ஊசி போட்டுக்கொள்ளலாம்?

கேள்வி: எனக்கு 27 வயது. இரண்டு கன்னத்திலும் பருத் தழும்பு. ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒவ்வொரு ஊசியைச் சொல்கிறார்கள். தை மாதத்துக்கு இன்னும் நாலைந்து மாதம்தான் இருக்கிறது, அதற்குள் முகம் சரியாக வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

தை மாதம் என்று எழுதியிருப்பதால் கல்யாணம் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். இந்தத் தளத்தில் மூன்று வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வயது 38. பதினாறு வயதில் ஆரம்பித்த பரு இருபத்திநாலு வரைக்கும் விடவில்லை. அது போனபோது இரண்டு கன்னத்திலும் குழி விட்டுவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்தில் என்னை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத மனசு வரவில்லை. ‘ஆம்பளைக்கு முகத்துல என்ன ஊசி’ என்று கேட்கப்போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். இருபது வருடம் போட்டோவில் கடைசி வரிசையில் போய் நின்றவனுக்குத்தான் அது தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கோவையில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கவுன்சலர் என்று ஒரு பெண் உட்காரவைத்துப் பேசினார். என் முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டேப்லெட்டில் ‘முன், பின்’ படங்களாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஆறு சிட்டிங் எக்ஸோசோம், 84,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி, மாதத் தவணையும் உண்டு என்றார்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணியின் ஷேடை நாங்கள் வெறும் கண்ணால் ஓகே பண்ண மாட்டோம். லைட் பாக்ஸுக்குள் வைத்து, முதலில் டி65 என்கிற பகல் வெளிச்சத்தில் பார்ப்போம், அடுத்து கடையில் எரிகிற டிஎல்84 வெளிச்சத்தில் பார்ப்போம். ஒரு வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்துகிற இரண்டு துண்டு, இன்னொன்றில் தனித்தனியாகத் தெரியும். அந்தப் பழக்கத்தில் அவர் காட்டிய படங்களைப் பார்த்தேன். ‘முன்’ படங்கள் எல்லாவற்றிலும் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுகிறது, அதனால் குழியில் நிழல் கட்டுகிறது. ‘பின்’ படங்களில் நேர் எதிரே விளக்கு. அந்த வெளிச்சத்தில் என்னை நிற்கவைத்தால் எந்த ஊசியும் போடாமலேயே பாதிக் குழி மறைந்துவிடும். நீங்கள் எங்கே போனாலும் இதை மட்டும் கவனியுங்கள்.

அடுத்து, மருந்துப் பெட்டியைக் காட்டுங்கள் என்றேன். தயங்கித்தான் கொண்டுவந்தார். பெட்டியில் காஸ்மெட்டிக் என்று அச்சடித்திருந்தது, மேலே தடவுவதற்கு மட்டும் என்றும் இருந்தது. “இதை எப்படிங்க ஊசியில போடுவீங்க?” என்று கேட்டேன். “எல்லாருக்கும் இதுதாங்க சார் போடறோம்” என்றார். எழுந்து வந்துவிட்டேன். எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடுகிற மிகச் சிறிய பொட்டலங்கள். அறிவியல் பொய் என்று நான் சொல்லவில்லை, ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுவரை எந்த எக்ஸோசோம் தயாரிப்புக்கும் அனுமதி தந்ததில்லை. 2019 டிசம்பரில் பொதுமக்களுக்கு எச்சரிக்கையே விட்டிருக்கிறது. தடவுகிற பொருளைத் தோலுக்குள் ஏற்றச் சம்மதிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு ஈரோட்டில் ஒரு தோல் டாக்டரம்மா. அறுபதை நெருங்குகிற வயது, விளம்பரம் கிடையாது. (பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரம் என்பீர்கள்.) அவர் ஜன்னல் பக்கம் என்னைத் திருப்பி உட்காரவைத்து, இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்தார். பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்து மறுபடி இழுத்தார். “பாருங்க தம்பி, இழுத்தா இந்தக் குழியெல்லாம் மறையுது. அடியில நார் பிடிச்சு இழுத்துட்டு இருக்குது. அதை அறுத்து விடாம மேல எந்த மருந்தைப் போட்டாலும் காசுதான் போகும்” என்றார். சின்னச் சின்னதாக ஊசி குத்தினமாதிரி ஆழமாக இருந்தவற்றைக் காட்டி, “இது ஐஸ் பிக். இதுக்கு ஊசி மருந்து எதுவும் கேக்காது, ஆசிட் வெச்சுத்தான் பாக்கணும்” என்றார். புதுப் பரு வருவது நின்று எத்தனை மாதம் ஆச்சு என்றும் கேட்டார். உங்களுக்கு இன்னும் பரு வந்துகொண்டிருந்தால் முதல் வைத்தியம் அதற்குத்தான். புதுக் குழி விழுந்துகொண்டிருக்கும்போது பழைய குழியை நிரப்பி என்ன பயன்?

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எந்த ஊசி நல்லது என்று கேட்டுக்கொண்டு அலைந்ததே தப்பு. என் தோலுக்கு என்ன குறை என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எனக்குச் செய்தது சப்சிஷன், அதாவது அந்த நாரை அறுத்துவிடுவது. கூடவே பிஆர்பி, அதாவது என் ரத்தத்திலிருந்தே எடுத்துப் போடுகிற ஊசி. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு ஊசியைத் தோலுக்கு அடியில் படுக்கையாக விட்டு முன்னும் பின்னும் ஓட்டி அந்த நாரை அறுப்பார்கள். வலி பெரிதாக இல்லை, ஆனால் நறநறவென்று ஒரு சத்தம் காதுக்குள் கேட்கும். அதற்குத் தயாராகப் போங்கள். முன்னதாகவே கையிலிருந்து 20 மில்லி ரத்தம் எடுத்து, என் கண் முன்னாலேயே டியூபில் என் பெயரை எழுதி மெஷினில் சுற்றவைத்தார்கள். சிவப்பு அடியில் தங்கி, வைக்கோல் நிறத்தில் தெளிவு மேலே நின்றது. அதில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுகிற அணுக்கள்) செறிவாக இருக்கிற பகுதியை எடுத்து, அறுத்துவிட்ட இடத்திலேயே போட்டார்கள். தட்டணுக்கள் வெளியே விடுகிற வளர்ச்சிக் காரணிகள் தோலைத் தாங்குகிற புரதமான கொலாஜன் புதிதாக உண்டாவதைத் தூண்டும் என்பதுதான் கணக்கு. மாதம் ஒன்றாக மூன்று சிட்டிங், ஒவ்வொன்றும் 9,500 ரூபாய். ஒவ்வொரு முறையும் பத்து நாள் கன்னம் கருநீலமாக வீங்கிக் கிடந்தது. கம்பெனியில் பைக்கிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லிவைத்தேன்.

பலன்? என் வீட்டு வடக்கு ஜன்னலில், காலை ஒன்பது மணிக்கு, ஒரே இடத்தில் நின்று மாதாமாதம் படம் எடுத்துவைத்தேன். ஆறாவது மாதம் ஒப்பிட்டபோது என் கண்ணுக்குப் பாதிக் குழி மேலே வந்திருந்தது. முழுசாகப் போகவில்லை. அதில் சப்சிஷனால் எவ்வளவு, பிஆர்பியால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஐஸ் பிக் குழிகளுக்கு வைத்த ஆசிட் மூன்று மாதம் பழுப்புப் புள்ளிகளாக நின்று பிறகு மங்கியது. நம்முடைய மாநிறத்துக்குக் காயம் பெரும்பாலும் கருப்பு விட்டுத்தான் ஆறும். சன்ஸ்கிரீன் இல்லாமல் இந்தப் பக்கமே வராதீர்கள்.

பிஆர்பியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு ஒன்று இல்லை. ஒரே ரெசிபியை இரண்டு சாயப்பட்டறைக்குக் கொடுத்தால் இரண்டு ஷேடு வருவது மாதிரிதான். எவ்வளவு ரத்தம், எத்தனை சுற்று, எத்தனை நிமிஷம் என்பது கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். சொந்த ரத்தம்தானே, என்ன ஆகப்போகிறது என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில் 2018இல் முகத்துக்கு பிஆர்பி செய்துகொண்ட பெண்கள் சிலருக்கு எச்ஐவி தொற்றியிருந்தது. 2024 ஏப்ரலில் அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையம் அதை விவரமாக வெளியிட்டது. பெயர் எழுதாத ரத்த டியூபுகள் சமையலறை ஃப்ரிட்ஜில் சாப்பாட்டோடு இருந்தனவாம். அதனால்தான் சொல்கிறேன், டியூபில் உங்கள் பெயரை எழுதுவதை உங்கள் கண்ணால் பாருங்கள், ஊசி உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம்.

சால்மன் டிஎன்ஏ நான் போட்டுக்கொண்டதில்லை, சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா போட்டுக்கொண்டாள். கொரியாவிலிருந்து வருகிற ரெஜுரான். மீனின் விந்தணுவிலிருந்து பிரித்துச் சுத்தப்படுத்திய பாலிநியூக்ளியோடைடு, அதாவது டிஎன்ஏ துண்டுகள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை. க்ரீம் தடவி மரத்துப்போக வைத்தும் கண்ணோரத்தில் போட்டபோது அழுதுவிட்டாளாம். இரண்டு நாள் முகமெல்லாம் கொசு கடித்த மாதிரி புடைப்புகள். அவளுக்குத் தோல் வறண்டு, கண்ணோரம் மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தது. இப்போது நேரில் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் அவள் முகத்தில் குழி கிடையாது. அவளுக்கு நன்றாக வந்ததைப் பார்த்து நான் அதைப் போட்டிருந்தால் அடியில் இருக்கிற நார் அப்படியேதான் இருந்திருக்கும். மீன் ஒவ்வாமை இருந்தால் இந்த ஊசிப் பக்கம் போகவே கூடாது.

புரொஃபைலோ என்று இன்னொரு ஊசியும் இருக்கிறது. அது ஹையலூரோனிக் ஆசிட், தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கிற பொருள். ஒரு கன்னத்துக்கு ஐந்து இடம், ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை. தோல் தளர்ந்தவர்களுக்கானது. 27 வயதில் உங்களுக்கு அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஸ்கல்ப்ட்ராவைக் கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். பாலி எல் லாக்டிக் ஆசிட் என்கிற பொடியைத் தண்ணீரில் கலந்து போடுவது. 2004இல் எச்ஐவி நோயாளிகளின் ஒட்டிப்போன கன்னத்துக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 2009இல் சுருக்கத்துக்கும் கிடைத்தது. போட்ட பிறகு ஐந்து நாள், தினம் ஐந்து வேளை, வேளைக்கு ஐந்து நிமிஷம் தேய்த்துவிடச் சொல்வார்கள். மெதுவாக, மாதக் கணக்கில் வேலை செய்யும், இரண்டு வருடம் வரைக்கும் நிற்கும். நல்ல மருந்தாகவே இருக்கட்டும். என் கவலை வேறு. ஹையலூரோனிக் ஆசிட் தப்பாகப் போனால் அதைக் கரைக்க ஹையலூரோனிடேஸ் என்று ஒரு ஊசி இருக்கிறது. ஸ்கல்ப்ட்ராவுக்கு அப்படிக் கிடையாது. கட்டி விழுந்தால் அதோடுதான் போராட வேண்டும். ரேடியஸ் என்கிற கால்சியம் ஊசிக்கும் இதே கதைதான். சாயம் போட்ட துணியை வேண்டுமானால் மறுபடி கருப்புக்கு விடலாம், வெட்டின துணியை என்ன செய்ய முடியும்? கல்யாணத்துக்கு நாலைந்து மாதம் இருக்கும்போது கரைக்க முடியாத ஒன்றை முதல் தடவையாக முகத்தில் ஏற்ற நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘நான் போட்டேன், எனக்கு நன்றாக இருக்கிறது’ என்று யாராவது எழுதினால் சந்தோஷம். நான் சொல்வது கேள்வி கேட்டவருடைய தை மாதக் கெடுவை வைத்து.

கல்யாணம் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். என் கல்யாண ஆல்பத்தில் போட்டோகிராபர் எங்கள் எல்லார் முகத்தையும் மொழுமொழுவென்று இழைத்துவைத்துவிட்டார். என் முகத்தை இழைத்தது போகட்டும். என் அப்பா பல்லடத்தில் விசைத்தறி ஓட்டினவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது தறியில் நூலோடு ஓடுகிற நாடாக் கட்டை தெறித்து அவருடைய இடது புருவத்தைப் பிளந்துவிட்டது. அந்தத் தழும்போடுதான் அப்பாவை எனக்குத் தெரியும். ஆல்பத்தில் அது இல்லை. 2021இல் அப்பா இறந்தபோது மாலை போட நல்ல படமாக அது ஒன்றுதான் இருந்தது. திருத்தாத படத்தைக் கேட்டு அந்த ஸ்டுடியோவுக்கு ஓடினேன். பழசையெல்லாம் அழித்துவிட்டோம் என்றார்கள். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு மாட்டியபோது அம்மா பார்த்துவிட்டு, “கண்ணு, இது உங்கப்பா மாதிரி இல்லையே” என்றார். யாரைக் கேட்டு அழித்தார்கள்? இப்போதும் அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. என் முகத்தை நானே சம்மதித்து மாற்றிக்கொண்டது வேறு, இது வேறு. உங்கள் போட்டோகிராபரிடம் திருத்தாத படங்களையும் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எம்டி டிவிஎல் முடித்த ஒரு தோல் டாக்டரிடம் இந்த வாரமே போய், கன்னத்தை இழுத்துப் பார்த்து இது என்ன வகைத் தழும்பு என்று சொல்லச் சொல்லுங்கள். இழுத்தால் மறைகிற குழியாக இருந்து, அவரும் சம்மதித்தால், சப்சிஷனும் பிஆர்பியும் மூன்று சிட்டிங் முடிக்க நேரம் இருக்கிறது. கடைசி சிட்டிங்குக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் ஆறு வாரமாவது விடுங்கள். தை மாதத்துக்குள் முழுசாகச் சரியாகும் என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். பாதி என்று வைத்துக்கொண்டு போங்கள்.

போகும்போது நீங்கள் சாப்பிடுகிற மாத்திரை அட்டையையெல்லாம் கையோடு கொண்டுபோங்கள். நான் முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக் சாப்பிட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன். தட்டணு வேலையை அது கெடுக்கும் என்று இரண்டாவது சிட்டிங்கை அந்த அம்மா பத்து நாள் தள்ளிவைத்தார்.