2 டிபி டிரைவில் 1.81தான் காட்டுகிறது, வழக்குப் போடலாமா?

கேள்வி: 2 டிபி (டெராபைட்) என்று போட்டிருந்த ஹார்டு டிரைவ் வாங்கினேன். விண்டோஸில் 1.81 டிபிதான் தெரிகிறது. விற்றவர் "எல்லாமே அப்படித்தான்" என்கிறார். ஏமாற்றியதாக வழக்குப் போட முடியுமா?

பதில்: நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸைத் திறந்தால், 1.81-க்குப் பக்கத்திலேயே பைட் கணக்கில் நீளமாக ஓர் எண் இருக்கும். அது 2,000,3... என்பதுபோல, மொத்தம் 13 இலக்கமாக இருந்தால், டிரைவ் போலியாக இல்லாதவரை (அதைக் கடைசியில் சொல்கிறேன்), உங்களுக்குச் சேர வேண்டியது முழுசாக வந்துவிட்டது, வழக்கு நிற்காது.

தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி டிபி என்கிறார்கள், விண்டோஸ் அதையே 1024, 1024 ஆக வகுத்துவிட்டு அதற்கும் டிபி என்றே பெயர் போடுகிறது. 1024 கணக்குக்கு டெபிபைட் என்று 1998-லேயே தனிப்பெயர் வைத்தாகிவிட்டது, விண்டோஸ்தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மேக் 2009-லிருந்து ஆயிரக் கணக்கில் காட்டுவதால் இதே டிரைவை அதில் செருகினால் 2 டிபி என்றே வரும்.

உங்கள் கோபம் நியாயமானது, இதற்காகக் கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் 80 ஜிபி டிரைவ் 74.4 ஜிபிதான் காட்டியது என்று டிரைவ் தயாரிக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டல் மேல் போட்ட வழக்கு 2006-ல் சமரசமாகி, வாங்கியவர்களுக்கு பேக்கப் சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைத்தது. அடுத்த வருடம் இதே மாதிரி வழக்கில் சீகேட் நிறுவனமும், விலையில் 5 சதவீதம் அல்லது சாஃப்ட்வேர் தர ஒப்புக்கொண்டது. இப்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், "1 ஜிபி = 1,000,000,000 பைட்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அவர்களுக்குக் கவசமே அந்த வரிதான். பிற்பாடு சான்டிஸ்க் மேல் வந்த இதே மாதிரி வழக்கை அமெரிக்க நீதிமன்றம் அந்த வரியைச் சுட்டிக்காட்டித் தள்ளுபடி செய்தது. முன்பக்கம் கொட்டை எழுத்தில் சொன்னதற்கான விளக்கத்தைப் பின்பக்கம் பொடி எழுத்தில் வைப்பது எனக்கும் உடன்பாடில்லை, ஆனால் அந்த வாதத்தை நம்பி உங்களைச் செலவு செய்யச் சொல்ல மனம் வரவில்லை.

பைட் எண்ணிக்கையே குறைகிறதா? மறைந்த பார்ட்டிஷன் (டிரைவில் தனியாகப் பிரித்துவைத்த பகுதி) ஏதாவது இருக்கிறதா என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள். அங்கும் கணக்கு உதைத்தால் விஷயம் வேறு.

இன்னொன்று, பைட் எண்ணிக்கை சரியாகக் காட்டினாலும் ஏமாற்றும் போலி டிரைவ். உள்ளே 64 ஜிபி சிப்பை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். காப்பி ஆவது போலவே தெரியும், பிறகு திறந்தால் பழைய ஃபைல்கள் நாசமாகியிருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். உங்கள் ஃபைல்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள். அதில் மாட்டினால் இது சுத்தமான மோசடி. பில், பெட்டி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், சோதனை முடிவு எல்லாவற்றையும் எடுத்துவைத்து, ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் எழுத்து மூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள், நுகர்வோர் புகார் போடலாம்.