மாந்திரீகம் கற்க விரும்பும் புதியவர் நம்பகமான குருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டிருப்பவர் ஆம்பூர்க்காரர். யூடியூபில் பார்த்த ஒருவர் போனிலேயே தீட்சை தருவதாகவும், ஒரு மண்டலத்தில் வசியம் சித்தியாகும் என்றும் சொல்கிறாராம். பணம் கட்டலாமா என்கிறார். கட்டாதீர்கள்.

குருவை ஊருக்குள் தேடுங்கள் என்பேன். கைக்குழந்தைக்குக் கண்ணேறு கழித்தவர் அதே பிள்ளையின் கல்யாணப் பந்தியிலும் வந்து உட்கார்கிறார் என்றால், அவர் ஊரை ஏமாற்றிவிட்டு அங்கேயே நடமாட முடியாது. மாசியில் மகா சிவராத்திரியை ஒட்டி வேலூர் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை என்ற அங்காளம்மன் திருவிழா நடக்கும். கூட்டம் கலைந்த பிறகு அங்காளம்மன் பூசாரிகளிடமும் உடுக்கை அடிப்பவர்களிடமும் பேச்சுக் கொடுங்கள். "உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேளுங்கள். அப்பா, தாத்தா, பக்கத்து ஊர்ப் பெரியவர் என்று ஆளைக் காட்டிச் சொல்பவரை நம்பிப் பேசலாம். கனவில் அம்மன் வந்து கொடுத்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்பவரிடம் நான் படிக்கப் போக மாட்டேன்.

குடியாத்தத்தில் என் தாய்மாமா விபூதி மந்திரிப்பவர். கற்றுக்கொள்ள வரும் பையன்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல தெரியுமா? குலதெய்வத்தைப் பார்த்துட்டு வந்தியா?" பிறகு ஒரே ஒரு மந்திரம், தினமும் ஜபம். மாதக்கணக்கில் அதற்கு மேல் எதுவும் கிடையாது. வசியம், தம்பனம் (அசையவிடாமல் கட்டுவது), உச்சாடனம் (விரட்டுவது), மாரணம் (கொல்வது) என்று மாந்திரீகத்தின் எட்டு வித்தைகளான அஷ்ட கர்மங்களைப் பற்றி எவனாவது ஆரம்பித்தால், "முதல்ல அசையாம உட்காரக் கத்துக்கோ" என்பார். தட்சணை வெற்றிலை பாக்கோடு அவரவர் வைப்பதுதான். பேய் பிடித்ததாக அழைத்து வந்த ஒரு பெண்ணைப் பார்த்ததும், "இந்தப் பொண்ணு தூங்கியே நாளாச்சு போல, பாகாயம் கூட்டிட்டுப் போங்க" என்று மனநல மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். தன் வித்தையின் எல்லை தெரிந்த அந்தக் குணத்தைத்தான் எந்தக் குருவிடமும் முதலில் தேடுவேன்.

மந்திரத்தை வெளியே சொல்லாதே என்று குரு சொல்வது மரபு. ஆனால் தன்னிடம் வருவதையே வீட்டில் மறைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பெண்களாக இருந்தால் தனியாக, இரவில், துணையில்லாமல் வரச் சொல்லும் இடத்துக்கு ஒருபோதும் போகாதீர்கள். "உனக்கு யாரோ செய்வினை வச்சிருக்காங்க, பாதியில் விட்டால் குடும்பத்துக்கு ஆபத்து" என்று பயமுறுத்துபவர் உங்களைச் சீடனாகப் பார்க்கவில்லை. மாதாமாதம் பணம் வரும் வழியாகப் பார்க்கிறார்.

தாயத்து, மந்திரம், கவசம் கொண்டு நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே தடை செய்கிறது. சர்க்கரை நோய்க்குத் தகடு என்று வீடியோ போடுபவர் எவ்வளவு பெரிய ஜடாமுடி வைத்திருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள்.

அந்த யூடியூப்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: "ஐயா, உங்க ஊர் எது? அம்மாவைக் கூட்டிக்கிட்டு நேரில் வரலாமா? உங்ககிட்ட படிச்ச ரெண்டு பேர்கிட்ட பேசலாமா?" மழுப்பினால் எண்ணை பிளாக் செய்யுங்கள். ஏற்கனவே முன்பணம் ஏதாவது அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் இன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.