கறுப்பு வெள்ளைப் படத்துக்கு டோன் கொடுக்க டிஜிட்டலே போதுமா, டார்க்ரூம் வேண்டுமா?

செட்டிநாட்டு வீட்டு முகப்பில் வரிசையாக மாட்டியிருக்கும் ஐயாமார் படங்களின் பழுப்பு உங்கள் பிரிண்டிலும் வர வேண்டும், அதற்குக் கம்ப்யூட்டரே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுவரில் மாட்டும் ஒற்றைப் பிரிண்ட் என்றால் நான் டார்க்ரூமைத்தான் சொல்வேன், அதாவது இருட்டறையில் பிரிண்ட் போட்டு, அதை ரசாயனக் கரைசலில் முக்கி நிறம் மாற்றுவது. டோன் கொடுப்பது என்பது அதுதான்.

ஆனால் அந்தப் பழுப்பையே முதலில் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். எங்கள் ஐயா படத்தை ஒருமுறை சட்டத்திலிருந்து கழற்றி, வளவு (நடு முற்றம்) வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கோட்டின் கறுப்பிலும் ஓரங்களிலும் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு. வேட்டியோ மஞ்சளாகி மடிப்பே தெரியாமல் கரைந்திருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பே நுண்ணிய வெள்ளிதான்; அந்த வெள்ளி நாள்பட்டு மேலே கிளம்பினால் அந்தப் பளபளப்பு வரும், அன்றைக்கு ஹைப்போவை (படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனம்) சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால் அந்த மஞ்சள் வரும். அதாவது அது டோன் இல்லை, படத்துக்கு வந்த நோய். முறையாக செபியா (பழுப்பு டோன்) செய்த படத்தில் பழுப்பு சீராக இருக்கும், மடிப்பும் அப்படியே நிற்கும். ஏனென்றால் ப்ளீச் செய்து சல்ஃபைடிலோ தயோயூரியாவிலோ போடும்போது வெள்ளியே வெள்ளி சல்ஃபைடாக மாறிவிடுகிறது. காற்றிலுள்ள அழுக்கு வாயுக்களை வெறும் வெள்ளியைவிட அது நன்றாகத் தாங்கும்.

டோனர், அதாவது டோன் கொடுக்கும் ரசாயனம், வெள்ளி இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும், வெறும் பேப்பரைத் தொடாது. இது எனக்குப் புரிந்தது கானாடுகாத்தானில் எடுத்த ஒரு படத்தில்தான்: தேக்குத் தூண்கள், பின்னால் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், அதில் சாய்ந்து விழும் வெயில். நெகட்டிவை ஸ்கேன் செய்து மொத்தப் படத்துக்கும் ஒரு பழுப்பைப் பூசி இங்க்ஜெட்டில் எடுத்துக் காட்டினேன். அப்பத்தா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, வெள்ளைச் சுவத்துக்குக் காவி அடிச்சிட்டியா?" என்றார். அதே நெகட்டிவை ஃபைபர் பேப்பரில் போட்டு, செலினியம் டோனர் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து ட்ரேயில் ஆட்டிக்கொண்டே இருந்தேன். செலினியம் முதலில் பிடிப்பது இருட்டைத்தான், தூண்களின் நிழல் மெல்ல கத்திரிக்காய்த் தோல் நிறத்துக்கு இறங்கியது, சுவர் மட்டும் அந்த மெழுகு வெள்ளையோடு அப்படியே நின்றது. வார்ம் டோன் பேப்பர் (கறுப்பிலேயே லேசாகப் பழுப்புச் சாயல் உள்ளது) என்பதால் இவ்வளவு மாற்றம். கூல் டோன் (குளிர்ச் சாயல்) பேப்பரில் பெரும்பாலும் கறுப்பு கொஞ்சம் அழுத்தமாகும், அவ்வளவுதான். நம் சித்திரை வெயிலில் கரைசல் சூடாக இருக்கும், டோன் கடகடவென்று ஓடிவிடும், ட்ரேயை விட்டு நகரக்கூடாது. ஒருதடவை அவசரத்தில் கழுவலைக் குறைத்தேன், அந்தச் சுவர் நடுவிலேயே மஞ்சள் திட்டு விழுந்து பிரிண்ட் போச்சு.

டிஜிட்டலை நான் ஒதுக்கவில்லை. 20 பிரிண்ட் ஒரே மாதிரி வேண்டுமென்றால் அதுதான் வழி, டார்க்ரூமில் இரண்டு பிரிண்ட் ஒன்றுபோல வருவதே பெரிய விஷயம். அப்படிச் செய்யும்போது மொத்தத்துக்கும் ஒரே நிறத்தைப் பூசாதீர்கள். வெள்ளையைத் தொடாமல், நிழலுக்கு ஒன்று, நடுச்சாயலுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். அப்புறம், சில பிக்மென்ட் இங்க் பிரிண்டுகளில் சாம்பல் நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். வளவு வெயிலில் சரியாக இருப்பது ராத்திரி எல்இடி விளக்கில் பச்சையடிக்கலாம், அதனால் எங்கே மாட்டப்போகிறீர்களோ அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டார்க்ரூம் என்று முடிவானால், வீட்டில் செய்வதற்கு தயோயூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சல்ஃபைடு அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், பக்கத்தில் வைத்திருக்கிற புதுப் பேப்பரையும் கெடுத்துவிடும். தயோயூரியாவோ செலினியமோ, எதுவானாலும் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தே செய்யுங்கள்.